லட்ச ரூபாய்க் கோழி

என் தம்பி சகாயத்தின் கடிதம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது உறையின் மேல் மூன்று ஊர் முத்திரை இருந்தது. சுமத்ராத் தீவில் மேடான் என்ற பட்டணத்திலிருந்து போட்ட கடிதம். அந்தத் தேசத்துக்கும் மலேசியாவுக்கும் சண்டை வந்து கப்பலும் தபாலும் நின்றுபோனதால், ஒன்றரை வருடம் எங்கெங்கோ கிடந்துவிட்டு வந்திருக்கிறது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவசரப்படாமல் படித்தால் எல்லாம் விளங்கும். ‘அக்கா, உடம்பு முன்னைப் போல இல்லை. ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறது. கையில் லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தான்.

லட்சம் என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு எங்கள் கோயில் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, ஆராதனை முடிந்து சபையார் செருப்பு மாட்டுகிற நேரத்தில் உரக்கப் படிக்கச் சொன்னேன். அவரும் படித்தார். எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், பஸ் நின்றால் உண்டு நிற்காவிட்டால் இல்லை என்கிற மாதிரி ஓர் ஊர். ஆனாலும் அன்று சாயந்திரத்துக்குள் செய்தி மணிமங்கலம் வரைக்கும் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவருடைய அக்கா எஸ்தர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவள் மட்டும், “லட்சம் வச்சிக்கினு கீற தம்பிக்கு அக்கா எதுக்குடி கூட்டு ரோட்ல இட்லி ஊத்திக்கினு கீறா?” என்று கேட்டாள்.

“அவன் லட்சம் அவனுக்கு. என் இட்லி எனக்கு, அண்ணி” என்றேன்.

அந்த வாய்க்காகவே என் இட்லிக் காசிலிருந்து கப்பலுக்குப் பணம் கட்டினேன். போக எனக்கு ஒன்று, திரும்பி வர எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. தம்பி லட்சத்தில் கை வைக்கக் கூடாது என்று வைராக்கியம். டிக்கெட் எடுத்த கதையும் பாஸ்போர்ட்டுக்குக் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்று கையெழுத்துப் போட்ட கதையும் எழுதினால் அதுவே தனிப் புத்தகமாகும். அதை விடுங்கள்.

கப்பல் ஏறுவதற்கு முன் என் தகர டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதில் செத்த நோட்டு, அதாவது செல்லாமல் போன நோட்டு, சேர்க்கிறவள். யுத்தம் முடிந்த சமயம், பர்மாவிலிருந்து திரும்பிய ஒருவர் ஒரகடம் கூட்டு ரோட்டில் என் கடையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜப்பான்காரன் அச்சடித்த நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அங்கே கடைசி நாட்களில் அதைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தால்தான் ஒரு வேளைக் கஞ்சியாம். “இது செத்துப்போச்சும்மா. வேற எதுவும் இல்ல” என்றார். நோட்டில் படம் அழகாக இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். குன்றத்தூர்ப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு மிஷன் அம்மா ஜெர்மனி நோட்டு ஒன்று கொடுத்தார். அதில் பூஜ்யத்தை எண்ணி முடிப்பதற்குள் இட்லிப் பானை அடிப்பிடித்துவிட்டது. காலையில் வாங்கிய கூலிக்கு மத்தியானத்துக்குள் சாமான் வாங்காவிட்டால் சாயந்திரம் தீப்பெட்டிதான் கிடைக்கும் என்று தன் தகப்பனார் சொன்னதாகச் சொன்னார்.

எனக்கு ஒரு நியமம் உண்டு. செத்த நோட்டுக்குப் பணம் கொடுக்கமாட்டேன். இட்லி கொடுப்பேன். பணம் செத்துப்போன பிறகும் அதைக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் என் பலகையில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

மேடானுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி என் மூட்டையைத் தட்டி, “துயிட்? துயிட்?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல் தாண்டி வந்தால் அங்கேயும் துட்டை துட்டு என்றுதான் சொல்கிறார்கள். “துட்டு கீதுப்பா, கொஞ்சம்தான்” என்று சுருக்குப் பையைக் காட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். இப்படியே பார்த்தால் கப்பல் அவர்களுக்குக் காப்பால், கடை கெடாய், ஆப்பம் அப்பாம். ஒரே வாரத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது.

அங்கே கொண்டுபோன சொற்பத்தை மாற்றினேன். பதிலுக்குக் கொடுத்த நோட்டு சுருக்குப் பையில் அடங்காமல் மடியில் கட்டிக்கொண்டேன். தம்பி வரவில்லை. நான் கொடுத்த தந்தி நான் வந்த மறுநாள்தான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பிறகு தெரிந்தது.

பட்டணத்துக்குப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து பெச்சா என்ற வண்டி பிடித்தேன். நம் ரிக்ஷா மாதிரி பின்னால் உட்காருவது இல்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிலை ஒட்டவைத்தது போல இருக்கும். வண்டிக்காரர் ஐந்து விரலைக் காட்டி ஏதோ சொன்னார். பக்கத்துக் கடை வாசலில் நின்ற நம்மவர் ஒருவர், “ஐயாயிரம் கேக்கிறான், குடுக்கலாம்மா” என்றார்.

“ஐயாயிரமா? அதுக்கு எங்க ஊர்ல நெலமே வாங்குவேனே.”

அவர் சிரித்தார். “ஐயாயிரம்னா அஞ்சுதாம்மா. விலை ஏறி ஏறி எண்ண முடியாமப் போச்சுன்னு கவர்மெண்டே மூணு சைபரை அடிச்சிட்டாங்க. பழைய ஆயிரம், இப்ப ஒண்ணு. வாய்தான் இன்னும் பழைய கணக்கு சொல்லுது. இந்த ஊர் ரூபியாவைத்தான் நாம ரூபாய் ரூபாய்ங்கிறோம்.”

நான் தொட்டிலில் ஏறியவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாகக் கேட்டேன். “அப்ப லட்சம்னா?”

“நூறு.”

“நூறுக்கு இன்னா கெடைக்கும்?”

“இன்னிக்கா, நாளைக்கா?” என்றார் அவர். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. “இன்னிக்குன்னா ரெண்டு கோழி வரும்.”

வழியெல்லாம் எனக்கு ஊர் கண்ணில் படவே இல்லை. பாதி தூரத்தில் முந்தானை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. வண்டிக்காரர் இறங்கி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். கறுப்பு மசி ஒரு முழத்துக்கு ஏறிவிட்டது. அதற்காக ஐந்நூறு குறைத்துக்கொண்டார். ஐந்நூறு என்றதும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அது அரை ரூபாய் என்று ஞாபகம் வந்தது.

சகாயம் பெச்சாக்களுக்குப் பங்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தான். நான் போய் நின்றபோது டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதில் போனவன். தலை முழுக்க நரைத்து, அப்பாவே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். டியூபைக் கையிலிருந்து விடாமலே, “யக்கா” என்றான். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது.

அன்று ராத்திரி லட்சத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் காப்பியும் வாழைப்பழ பஜ்ஜியும் விற்கிற அம்மாள் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். பத்தாக் சாதிக்காரி, நம்மைப் போல வேதக்காரி. அவர்கள் பாஷையில் இனாங் என்றால் அம்மாவாம், எல்லோரும் அவளை இனாங் என்றே கூப்பிட்டார்கள். இலையில் சுருட்டி வேகவைத்த அரிசிக் கட்டியை வட்டவட்டமாக வெட்டித் தேங்காய்க் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். லொந்தோங் என்று பேர். நம் இட்லிக்கு உறவுதான், ஆனால் புளிக்க வைக்காத உறவு. வாயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மறுநாள் காலையில் அவனே துணிப் பொட்டலத்தை அவிழ்த்தான். பத்தாயிரம் நோட்டு பத்து. மடிப்புக்கூட இல்லாத நோட்டு. சும்மா சொல்லக்கூடாது, செத்த நோட்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழகான பிணத்தைப் பார்த்ததில்லை.

“சைபரை அடிச்சது தெரியுமா?” என்று கேட்டான்.

“வண்டி ஏறும்போதே தெரிஞ்சிச்சு.”

“இது மூணாவது தபா, யக்கா. மொதல்ல ஊருக்கு வர நோட்டு சேத்தேன். ஒருநாளு நோட்டை ரெண்டா வெட்டுன்னு உத்தரவு போட்டான்.”

“இன்னாத்த வெட்டுறது?”

“நோட்டைத்தான். கத்திரிகோலால. நானே வெட்டினேன். இடது பாதி பாதி வெலைக்குச் செல்லும். வலது பாதிய குடுத்தா கடன் பத்திரம், எப்பவோ துட்டு வரும்ன்னான். மறுபடி சேத்தேன். ஆயிரத்த நூறுன்னான். மறுபடி சேத்தேன். ஒனக்கு லெட்டர் போட்டப்போ நெஜமாவே லட்சம்தான். லெட்டர் கடல்ல கெடக்கும்போது நூறாப் போச்சு.”

கொஞ்ச நேரம் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், “ஊர்ல யாருக்கனா சொன்னியா?”

“உபதேசியார்கிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றேன். அது பொய் இல்லை. அவர் அதை எத்தனை பேருக்கு முன்னால் படித்தார் என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

“திரும்பிப் போக டிக்கெட் ஒனக்கும் சேத்துதான் எடுத்தாந்திருக்கேன். கெளம்பு” என்றேன்.

“கப்பல்ல போனவன் வெறுங்கையோட வந்தான்னு எஸ்தரக்கா சிரிக்கவா? மூணு தபா எறங்கினது ஒரு தபா ஏறாதா? ஏறினதும் வர்றேன். நீ போயிட்டிரு” என்று பொட்டலத்தைக் கட்டிவிட்டான்.

கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவன் மனதை மாற்ற வேண்டும். சின்ன வயதிலேயே அழுதால் இறுகுவான், திட்டினால் இறுகுவான். அதனால் நான் இரண்டும் செய்யாமல் சந்தைக்குப் போனேன்.

அந்தச் சந்தையை நம் ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தையோடு ஒப்பிட முடியாது. நம் ஊரில் பேரம் என்றால் வாங்குகிறவள் விலையைக் குறைப்பாள். அங்கே பேரம் பேசி முடிப்பதற்குள் விற்கிறவள் ஏற்றிவிடுகிறாள். திங்கட்கிழமை கோழி ஐம்பத்தைந்து. வியாழக்கிழமை அறுபது. அடுத்த திங்கள் எழுபது. யாரும் கோபப்படுவதில்லை. கூலி வாங்கினவர்கள் நேராகச் சந்தைக்கு ஓடுகிறார்கள். ஒரு சோப்பு, ஒரு போத்தல் எண்ணெய், ஒரு முழம் துணி என்று எதையாவது வாங்கி வீட்டில் போட்டுவிட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. “காசு பனிக்கட்டி மாதிரி. கையில் வைத்திருந்தால் கைதான் ஈரமாகும்” என்று இனாங் சொன்னதைச் சகாயமே எனக்குத் தமிழில் சொன்னான். சொன்னவன் தனக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தினமும் சந்தையிலிருந்து வந்ததும் கோழி விலையை மட்டும் அவனிடம் சொல்வேன். வேறு பேச்சு இல்லை.

“அறுவத்தஞ்சு.”

“சரி.”

“எழுவது.”

“யக்கா, கோழி வெல எனக்கு எதுக்கு?”

“சும்மா. கேட்டு வச்சிக்க.”

இதற்கிடையில் கடை வாசலில் ஆப்பச்சட்டி வைத்தேன். செத்த நோட்டு கொண்டுவந்தால் ஆப்பம் என்று இனாங்கை விட்டுத் தெருவில் சொல்லவைத்தேன். முதல் நாள் தெரு முழுக்கச் சிரித்தது. இரண்டாம் நாள் ஒரு தையல்காரர் ஜப்பான் காலத்து நோட்டு இரண்டு கொண்டுவந்தார். பிறகு நின்றபாடில்லை. சுதந்திரச் சண்டை நடந்தபோது ஊருக்கு ஊர் அச்சடித்த நோட்டு, மையே ஒட்டாத நோட்டு, ஒரு பக்கம் மட்டும் அடித்த நோட்டு என்று வந்தன. ஒவ்வொருவரும் கொடுத்துவிட்டு, அது எப்போது செத்தது, அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிட்டே ஆப்பத்தைப் பிட்டார்கள். எனக்கு நெனெக் துயிட் என்று பேர் வைத்துவிட்டார்கள். துட்டுக் கிழவி. கிழவி என்றதுதான் கொஞ்சம் உறுத்தியது.

இனாங் தன் பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பாதி நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கத்திரிகோலால் வெட்டிய வலது பாதி. பத்திரத்துக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாளாம். அதற்கு ஆப்பம் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை, நாலு கொடுத்தேன். நியமம் நியமம்தான்.

துரியான் என்று ஒரு பழம். பலாப்பழத்துக்குக் குடிகார அண்ணன் இருந்தால் இப்படித்தான் வீட்டுக்குள் வருவான். ஒரு சுளை தின்றேன். இரண்டாவது சுளையை நானே கேட்டு வாங்கினேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நியாயம் இல்லை.

கப்பலுக்கு முந்தின சனிக்கிழமை கோழி எண்பத்தைந்து. “சந்தையில முட்டையும் பாத்தேன், சகாயம். அடுத்த மாசம் லட்சத்துக்கு எத்தினி முட்டை வரும்னு நீயே கணக்குப் போடு” என்றேன். அவன் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தான்.

“ஒன் டப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக்க. நல்லதாப் பாத்து எடு.”

கூட வருகிறேன் என்று சொல்லாமல் நோட்டு கொடுக்கிறானே என்று மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் சேர்க்கிறவளுக்கு ஆசை விடாது. பத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மூலை கொஞ்சம் மழுங்கல், ஒன்றில் அழுக்கு ரேகை. நான் எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்கிறவள் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் மிக நல்ல ஒன்றை எடுத்து மடங்காமல் பைபிளுக்குள் வைத்தேன். மற்ற ஒன்பதைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல், சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு நானும் சகாயமும் இனாங்கோடு அவர்கள் கோயிலுக்குப் புறப்பட்டோம்.

அன்று அவர்களுக்கு அறுப்பின் பண்டிகை, எங்கள் கோயிலிலும் வருடாவருடம் நடக்கிற அதே பண்டிகை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பீடத்துக்கு முன்னால் நெற்கதிர், பூசணி, தேங்காய், வாழைத்தார், காலைக் கட்டிய கோழிகள். பாஷை ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் பாட்டின் ராகம் எங்கள் ஊர் ராகம். நான் தமிழில் பாடினேன். பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை.

ஆராதனை முடிந்ததும் தோளில் துண்டு போட்ட ஒரு மூப்பர் முற்றத்தில் மேஜை மேல் ஏறி நின்று, “லெலாங், லெலாங்” என்றார்.

“இன்னாடா சொல்றாரு?”

“ஏலம், யக்கா.”

அதற்கு மொழிபெயர்ப்பே தேவை இல்லை. எங்கள் ஊரிலும் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் நாலணாச் சுரைக்காய் நாலு ரூபாய்க்குப் போகும். விலை காய்க்கு அல்ல, கேட்கிறவர்களின் ரோஷத்துக்கு. நானும் எஸ்தரும் ஒரு பூசணிக்காயை மாற்றி மாற்றிக் கேட்டதில் வந்த காசில் கோயிலுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கே வாங்கியிருக்கிறார்கள்.

மூப்பர் ஒரு சிவப்புக் கோழியைத் தூக்கிக் காட்டினார். நல்ல நாட்டுக் கோழி, கனத்த தொடை. யாரோ முப்பது என்றார்கள். எண் மட்டும் எனக்கு எந்தப் பாஷையிலும் நாலு நாளில் வந்துவிடும். என்னை அறியாமல் கை மேலே போய்விட்டது. “நாற்பது” என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். கூட்டம் திரும்பியது. நெனெக் துயிட் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் ஐம்பது என்றார். நான் அறுபது. அவர் எழுபது. நான் எண்பது. அவர் எண்பத்தைந்து என்று சொல்லி மீசையைத் தடவினார். நான் தொண்ணூறு என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்குப் பை ஞாபகம் வந்தது. அதில் இருப்பது என் காசு இல்லை. திரும்பிச் சகாயத்தைப் பார்த்தேன்.

“யக்கா, இன்னா பண்ற நீ?”

“தெரியலடா. ஏலம்னதும் கை போயிடுச்சு.”

அவன் கோழியைப் பார்த்தான். பிறகு என் இடுப்பில் இருந்த பையைப் பார்த்தான். கறுப்புக் கோட்டு தொண்ணூற்றைந்து என்றார். மூப்பர் எங்கள் பக்கம் திரும்பி, “ஒரு தரம்” என்கிற மாதிரி விரலைத் தூக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாயால் அது வரக் கூடாது. இரண்டாவது விரலும் எழுந்தது.

“செராதுஸ்” என்று ஒரு குரல் கேட்டது. நூறு. சகாயம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பங்சர் ஒட்டி ஒட்டி ரேகையெல்லாம் கறுத்துப்போன கை. தூக்கினவன் இறக்காமலே நின்றான்.

கறுப்புக் கோட்டு எங்களைப் பார்த்தார், சிரித்தார், தலை குனிந்து விட்டுக்கொடுத்தார்.

ஒன்பது நோட்டையும் எண்ணி மேஜையில் வைத்தேன். பத்தாவது பைபிளுக்குள் இருந்தது. சேர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியும், அதை வெளியே எடுக்க என்ன பாடு என்று. மூலை நான்கும் கத்தி மாதிரி இருந்தது. எடுத்து வைத்தேன். கோழியை வாங்கிச் சகாயத்தின் கையில் கொடுத்தேன். வீடு வரைக்கும் அவன்தான் இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தான்.

“அறுக்கணுமா, யக்கா?” என்று வாசலில் நின்று கேட்டான்.

“வெச்சிருந்தா இதுவும் எறங்கிடும். குடு இங்க.”

இனாங் அடுப்பில் என் மசாலாவில் குழம்பு வைத்தேன். கொத்தமல்லியும் தேங்காயும் அங்கே கிடைக்கும், வரமிளகாய்க்குத்தான் கொஞ்சம் அலைந்தேன். நாங்கள் இரண்டு பேர், இனாங், தையல்காரர், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு துண்டுதான். லட்ச ரூபாயை இப்படி எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து மென்று தின்பதை நான் கேள்விப்பட்டது கூட இல்லை. சகாயம் கால் எலும்பை உடைத்து உறிஞ்சினான். இரண்டு தடவை சோறு கேட்டான். கை கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “கப்பலு எத்தினி மணிக்கு, யக்கா?” என்று கேட்டான்.

நான் எழுந்து இலையை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கடையையும் தண்ணீர்த் தொட்டியையும் இனாங்கிடம் விட்டான். காற்றடிக்கிற பம்பை மட்டும் கொண்டுவந்தான். கப்பலில் எட்டு நாளும் கடல் நல்லபடியாக இருந்தது. எனக்குத்தான் உள்ளே அலை. ஊரில் சொன்னது உபதேசியாருக்கு மட்டும் இல்லை என்பதைச் சென்னை நெருங்கும்போது அவனிடம் சொல்லிவிட்டேன்.

“எத்தினி பேருக்கு முன்னால படிச்சாரு?”

“கோயில் நெறைய.”

“யக்கா” என்று தலையில் கை வைத்தான். திட்டவில்லை.

தாம்பரத்தில் பஸ் ஏறினோம். படப்பை தாண்டும் வரைக்கும் நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். பாங்கியில் போட்டிருக்கிறான், தேசம் விட்டுத் தேசம் வர ஆறு மாதம் ஆகும், இப்படி. பொய் நன்றாகவே வந்திருந்தது. அதிசயமாக அன்று பஸ் எங்கள் ஊரில் நின்றது. படியில் இறங்கும்போதே எஸ்தர் எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால், என் தந்தியைப் பார்த்துவிட்டுக் காத்திருந்த கோயில் சனம் பத்துப் பதினைந்து பேர்.

“இன்னா சகாயம், நல்லாக்கீறியா?” என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் அவன் கையிலிருந்த ஒற்றைப் பெட்டியையும் காற்றுப் பம்பையும் பார்த்தாள். “லட்சம் எங்கப்பா?”

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“கோழி வாங்கித் தின்னுட்டோம், எஸ்தரக்கா.”

“லட்சத்துக்குமா?”

“லட்சத்துக்கும்.”

“எத்தினி கோழி?”

“ஒண்ணு.”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ சிரிக்கப் பார்த்து, எஸ்தர் என்ன செய்வாளோ என்று அடக்கிக்கொண்டார்கள். எஸ்தர் அவனை விட்டு என் பக்கம் திரும்பினாள். ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட அவளுக்கு இது ஒன்று போதும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“சாலம்மா, கொழம்பு வச்சது நீயா?”

“நான்தான், அண்ணி.”

“எப்டி இருந்துச்சு?”

என் சமையலை நான் இதுவரை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசினவள் இல்லை. அவளிடம் நிச்சயமாக இல்லை.

“உப்பு கொஞ்சம் கம்மி, அண்ணி” என்றேன்.

எஸ்தர் சகாயத்தின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

“எங்க வூட்ல நெத்திலிக் கொழம்பு கொதிச்சிக்கினு கீது, சகாயம்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “வந்து உப்பு பாத்துச் சொல்லு.”